குழந்தைகளுடன் துறைமுகப் படகுப் பயணம்: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

கோடை விடுமுறையிலும் தொடர் விடுமுறை நாள்களிலும் தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் கொச்சிக்குச் செல்கின்றன. சிலர் சுற்றுலாவுக்காகச் செல்கின்றனர். சிலர் குழந்தையின் இதய நோய், சிறுநீரக நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற அங்குள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். எக்காரணத்திற்காகச் சென்றாலும், எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் படகில் செல்லும் வாய்ப்பு ஏற்படுகிறது. சாலையில் நெடுநேரம் சுற்றிச் செல்ல வேண்டிய தொலைவைப் படகு இருபது நிமிட அளவில் கடந்துவிடுகிறது. கட்டணமும் குறைவு, குழந்தைகளுக்கும் மகிழ்ச்சி.

இத்தகைய குறுகிய பயணத்திற்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். கைக்குழந்தையை அழைத்துச் செல்லலாமா, வாந்தி மருந்து கொடுக்க வேண்டுமா, வலிப்பு நோயுள்ள குழந்தையைப் படகில் ஏற்றலாமா என்னும் ஐயங்கள் பயண நாளன்று படகுத்துறையில் நிற்கும்போதுதான் எழுகின்றன. அவ்வையங்களுக்கு முன்கூட்டியே விடையளிப்பது இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் கூறப்படுவன கொச்சியை மையமாகக் கொண்டவை எனினும், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுப் பயணத்திற்கும், மும்பையில் எலிஃபெண்டா தீவுக்குச் செல்லும் படகுப் பயணத்திற்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

கொச்சித் துறைமுகத்தின் இயல்பு

கொச்சியில் படகுகள் செல்லும் நீர்ப்பரப்பு திறந்த கடல் அன்று. வேம்பநாட்டுக் காயல் கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய உப்பங்கழி. ஆகையால் பெரும்பாலான நாள்களில் அலை குறைவாகவே இருக்கும். ஆயினும் மூன்று இயல்புகளைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, இது செயற்பாட்டிலுள்ள பெரிய துறைமுகம். சரக்குக் கப்பல்களும் மீன்பிடி விசைப்படகுகளும் சுற்றுலாப் படகுகளும் ஒரே நீர்ப்பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய கலம் ஒன்று கடந்து சென்றபின் எழும் அலை, அமைதியாகச் செல்லும் படகையும் திடீரென ஆட்டும். நின்றுகொண்டிருக்கும் குழந்தை அவ்வேளையில் நிலைதடுமாறும்.

இரண்டாவது, ஏற்றவற்றத்தின்போது துறைமுக வாயிலை ஒட்டி நீரோட்டம் வலுவாக இருக்கும். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும், நீரில் விழுந்தவரை அது விரைவில் இழுத்துச் செல்லக்கூடும்.

மூன்றாவது, மழைக்காலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் ஆகாயத்தாமரை படகுத்துறைகளின் ஓரம் அடர்ந்து மிதக்கும். சிறு குழந்தையின் கண்களுக்கு அது புல்தரை போலவே தோன்றும். அதன்மீது கால் வைக்க முயல்வது குழந்தைக்கு இயல்பானதே.

கொச்சியில் இயங்கும் படகுகளும் ஒரே வகையின அல்ல. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி வாட்டர் மெட்ரோவில் மின்கலத்தால் இயங்கும் குளிரூட்டப்பட்ட படகுகள் உள்ளன. அவற்றுள் பெரிய படகு நூறு பேரை ஏற்றிச் செல்லக்கூடியது. அதன் படகுத்துறைகள் நீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும் மிதவை மேடைகளாக இருப்பதால், படகின் தளமும் மேடையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைகின்றன. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு இது பெரும் உதவி. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நெடுங்காலமாக இயக்கிவரும் படகுகளில் பக்கங்கள் திறந்திருப்பதுண்டு; துறைக்கும் படகுக்கும் இடையே மட்ட வேறுபாடும் இருக்கலாம். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஊர்திகளையும் மக்களையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கலங்கள் இயங்குகின்றன. எந்த வகைக் கலத்தில் செல்கிறோமோ அதற்கேற்ப எச்சரிக்கையும் மாறும்.

சிறு குழந்தைகளுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. இதற்கு உடலியல் காரணங்கள் உள்ளன.

சிறு குழந்தையின் தலை, உடலின் பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் பெரிதும் கனமும் உடையது. ஆகவே விளிம்பில் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுகிறது. விழுந்தபின் தலையை நீருக்கு மேலே தூக்கி வைத்திருக்கும் கழுத்து வலிமை அதற்கில்லை. மூச்சை அடக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும், கைகளை அசைத்து உதவி கேட்கும் என்பது திரைப்படங்கள் உருவாக்கிய எண்ணம். உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. வாய் நீர்மட்டத்திற்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு விடுவதற்கே நேரம் போதாது, குரலெழுப்ப இயலாது. ஓரிரு நிமிடங்களில் குழந்தை நினைவிழக்கக்கூடும். மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் மீளாச் சேதத்திற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே ‘சத்தம் கேட்டால் ஓடி வருவேன்’ என்பது காவல் ஆகாது.

கடந்தகால விபத்துகள் உணர்த்துவன

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காண்பதற்காகப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அவ்விபத்திற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சியில் பயணியர் படகின்மீது மீன்பிடிப் படகு மோதி உயிரிழப்புகள் நேர்ந்தன. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் குழந்தைகள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் எலிஃபெண்டாவுக்குச் சென்ற பயணியர் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியது.

இவற்றை அச்சமூட்டுவதற்காகக் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் இத்தகைய படகுகளில் இடர் ஏதுமின்றிச் சென்று வருகின்றனர். ஆயினும் அளவுக்கு மீறிய கூட்டம், ஒரு பக்கமாகச் சாய்தல், அணியப்படாத உயிர்காப்பு அங்கி, பிற கலங்களுடன் மோதல் ஆகியவையே இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் பேசப்படுபவை. மோதலைப் பயணி தடுக்க இயலாது. ஏனைய மூன்றில் குடும்பத்தின் முடிவுக்கும் இடமுண்டு. கூட்டம் மிகுந்த படகைத் தவிர்த்து அடுத்த படகுக்குக் காத்திருப்பது எளிய செயல். அது உயிர் காக்கும் செயலும் ஆகும்.

உயிர்காப்பு அங்கி: தேர்ந்தெடுப்பதும் அணிவதும்

லைஃப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்பு அங்கி, குழந்தையின் வயதைக் கொண்டன்று, உடல் எடையைக் கொண்டே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எடை வரம்பு அங்கியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கான அங்கியைக் குழந்தைக்கு அணிவித்தால், நீரில் விழுந்தவுடன் அங்கி மேலே மிதக்கும்; குழந்தை அதிலிருந்து கீழே நழுவிவிடும். அதாவது, பொருந்தாத அங்கி பாதுகாப்பு இருப்பதான பொய்யான நம்பிக்கையை மட்டுமே தரும்.

அங்கி பொருந்துகிறதா என்பதை அரை நிமிடத்தில் சோதிக்கலாம். எல்லாக் கொக்கிகளையும் பட்டைகளையும் இறுக்கியபின், அங்கியின் தோள்பகுதிகளைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். அங்கி குழந்தையின் முகவாயையோ காதுகளையோ தாண்டி மேலே ஏறினால் அது பெரியது. சிறு குழந்தைகளுக்கான அங்கியில் மூன்று கூறுகள் இருப்பது நல்லது:

• இரு கால்களுக்கும் இடையே செல்லும் பட்டை. இது அங்கி தலைவழியே கழன்று போவதைத் தடுக்கும்.
• தலையைத் தாங்கும் பின்கழுத்துப் பட்டி. இது முகம் நீருக்கு மேலே நிற்க உதவும்.
• மேற்புறம் பிடித்துத் தூக்குவதற்கான கைப்பிடி.

படகுகளில் உள்ள அங்கிகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவையாக இருக்கலாம். ஆகவே படகு புறப்படுவதற்கு முன்பே, லாஸ்கர் எனப்படும் படகுப் பணியாளரிடம் குழந்தைக்குரிய அளவில் அங்கி உள்ளதா என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டா. அடிக்கடி நீர்வழிப் பயணம் செய்யும் குடும்பத்தினர், குழந்தையின் எடைக்கேற்ற அங்கி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது சிறந்தது. காற்றடைத்த கைவளையங்களும் நீச்சல் மிதவைகளும் விளையாட்டுப் பொருள்கள். அவை உயிர்காப்பு அங்கிக்கு ஈடாகா.

மூடிய அறையுடைய படகில் அங்கியை எப்போது அணிவது என்பது குறித்துப் பணியாளர் தரும் அறிவுறுத்தலைப் பின்பற்றுங்கள். அத்தகைய படகில் வெளியேறும் வழிக்கு அருகிலுள்ள இருக்கையைத் தேர்ந்தெடுப்பதும், அங்கிகள் எங்கு வைக்கப்பட்டுள்ளன என்பதை அமர்ந்தவுடன் பார்த்துக்கொள்வதும் நன்று.

கைக்குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

எடைக்குப் பொருந்தும் அங்கி கிடைக்காத கைக்குழந்தையைத் திறந்த படகில் இன்பச் சுற்றுலாவுக்காக அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது. தவிர்க்க இயலாத பயணமாயின், மூடிய அறையும் பக்கத் தடுப்பும் உடைய பெரிய படகைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் செல்லுங்கள்.

குழந்தையைப் புடவைத் தலைப்பாலோ துண்டாலோ சுமக்கும் பையாலோ உடலோடு கட்டிக்கொண்டு படகில் அமர்வது பாதுகாப்பானது என்று பலர் கருதுகின்றனர். தரையில் அது வசதியானது. நீரில் அது ஆபத்தானது. தாய் நீரில் விழ நேர்ந்தால், கட்டப்பட்ட குழந்தையின் முகம் தாயின் மார்போடு அழுந்தியோ நீருக்குள்ளோ இருக்கும். பதற்றத்தில் முடிச்சை அவிழ்க்க இயலாது. ஆகவே இருக்கையில் அமர்ந்தவுடன் கட்டுகளைத் தளர்த்தி, குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொள்ளுங்கள். ஒரே உயிர்காப்பு அங்கிக்குள் தாயையும் சேயையும் சேர்த்து அணிவிக்கவே கூடாது.

ஏறும்போதும் இறங்கும்போதும்

படகு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமன்றி, ஏறுகையிலும் இறங்குகையிலும் காயங்கள் நேர்கின்றன. கட்டப்பட்ட படகும் அசைந்துகொண்டே இருக்கும். துறைக்கும் படகுக்கும் இடையிலான இடைவெளி ஒரு கணம் விரிந்து மறுகணம் சுருங்கும். அந்த இடைவெளியில் சிறு கால் நுழையலாம். படகின் விளிம்பைப் பிடித்த விரல்கள் நசுங்கலாம்.

பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்:

• படகு கயிற்றால் கட்டப்பட்டு, பணியாளர் அழைத்த பின்னரே நகருங்கள்.
• ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்னும் கணக்கில் கைப்பிடித்து ஏறுங்கள். விரல்களைப் பிடிப்பதைவிட மணிக்கட்டைப் பிடிப்பது உறுதியானது.
• கைக்குழந்தையை ஏந்தியவரின் மற்றொரு கை கைப்பிடிக் கம்பிக்காக வெறுமையாக இருக்கட்டும். பைகளை வேறொருவர் சுமக்கட்டும்.
• இடைவெளிக்கு மேலாகக் குழந்தையைக் கைமாற்றித் தர வேண்டா.
• தள்ளுவண்டியில் குழந்தை இருக்கும் நிலையில் சாய்தளத்தில் இறங்கினால், வண்டியின் முன்புறம் மேல்நோக்கி இருக்குமாறு பின்னோக்கி இறக்குங்கள். படகில் நிறுத்தியவுடன் சக்கரத் தடையைப் போடுங்கள்; குழந்தையை வண்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.
• ஈரத்தில் வழுக்காத, பின்பட்டையுள்ள காலணியை அணிவியுங்கள்.

விரல் நசுங்கினால் தூய குளிர்ந்த நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, கையை உயர்த்திப் பிடித்தவாறு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் போன்றவற்றைத் தடவ வேண்டா. துருப்பிடித்த கம்பியோ சிப்பியோ கீறியிருந்தால், குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

ரோ-ரோ கலத்தில் ஊர்திகளுக்கிடையே குழந்தைகள் நடமாடுவதைத் தவிர்க்க வேண்டும். ஊர்திகள் ஏறி இறங்கும் வேளையில் ஓட்டுநரின் கண்ணுக்குச் சிறு குழந்தை தென்படாது. குழந்தையைக் காருக்குள் தனியே விட்டுவிட்டுக் காட்சி காணச் செல்லவும் கூடாது.

படகினுள் கண்காணிப்பு

ஐந்து பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் உள்ள குழுவில், ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று அனைவரும் எண்ணுவதால் ஒருவரும் பார்க்காத நிலை உருவாகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பானவர் இன்னார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அவர் எழுந்து செல்ல நேர்ந்தால், ‘இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்விட்டுக் கூறி, மற்றவர் ‘சரி’ என்று சொன்ன பின்னரே செல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, பொறுப்பானவரின் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

ஒளிப்படம் எடுப்பதற்காகக் குழந்தையைக் கைப்பிடிச் சுவரின்மீது அமர்த்துவதும், இருக்கையின்மீது நிறுத்துவதும் மிக ஆபத்தானவை. படம் எடுப்பவரின் கவனம் திரையில் இருக்கும். கைகளும் வெறுமையாக இரா.

படகு ஆடும்போது வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவற்றைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டா. அவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும்.

தலைசுற்றலும் வாந்தியும்

உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு ‘உடல் அசைகிறது’ என்கிறது. கைப்பேசியையோ அறையின் உட்புறத்தையோ பார்க்கும் கண்கள் ‘உடல் அசையவில்லை’ என்கின்றன. இம்முரண்பாடே பயண வாந்திக்குக் காரணம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. பள்ளி வயதுக் குழந்தைகளிடம் மிகுதி. துறைமுகத்தினுள் செல்லும் குறுகிய பயணத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து தேவைப்படாது.

பயணத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு முன் இட்லி போன்ற எளிய உணவைச் சிறிதளவு கொடுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே குமட்டலைக் கூட்டும். படகின் நடுப்பகுதியில் அமரச் செய்யுங்கள்; அங்கு ஆட்டம் குறைவு. தொலைவிலுள்ள கரையையோ அடிவானத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைத் தவிர்த்துவிடுங்கள்.

முன்பு பலமுறை வாந்தி எடுத்த குழந்தையாயின், மருத்துவரிடம் கேட்டு மருந்து பெறுங்கள். பயண வாந்திக்காக மருந்துக் கடைகளில் கிடைக்கும் சில மாத்திரைகளில் புரோமெத்தசின் உள்ளது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அம்மருந்து மூச்சுத் திணறலை உண்டாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அவ்வயதில் அதனைக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். இத்தகைய மருந்துகள் உறக்கத்தைத் தருவன. அரைத் தூக்கத்திலுள்ள குழந்தை படகில் எளிதில் விழக்கூடும் என்பதையும் கருத்திற்கொள்ளுங்கள்.

வெயில், காற்று, புகை

நீர்ப்பரப்பு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கூரை நிழலில் இருந்தாலும் தோல் கருகலாம். காற்று வீசுவதால் வெப்பம் உணரப்படாது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வெயில் தடுப்புப் பூச்சைவிட நிழலும், அகன்ற விளிம்புத் தொப்பியும், மெல்லிய பருத்தி ஆடையுமே ஏற்றவை. இவ்வயதுக் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி தாய்ப்பால் கொடுப்பதே போதுமானது. வளர்ந்த குழந்தைகளுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரை எடுத்துச் செல்லுங்கள். நண்பகல் 11 மணி முதல் 3 மணி வரை திறந்த படகுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

நனைந்த ஆடையோடு காற்றில் அமர்ந்திருக்கும் கைக்குழந்தையின் உடல் வெப்பம், வெப்பமான ஊரிலும் விரைவில் குறையும். மாற்றுடை ஒன்றையும் துண்டு ஒன்றையும் நீர்புகாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் படகில் புகைபோக்கிக்கும் எஞ்சினுக்கும் அருகில் அமர வேண்டா. புகை மூச்சிரைப்பைத் தூண்டும். ஓசை சிறு செவிகளுக்கு ஒவ்வாது.

நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

வலிப்பு நோய்: மருந்து வேளை தவறாதிருப்பது முதன்மையானது. பயண அலைச்சலால் உறக்கம் குறைந்தாலும் வலிப்பு வரக்கூடும். இக்குழந்தைகள் எவ்வகைப் படகிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டி அமரலாகாது. திறந்த படகில் உயிர்காப்பு அங்கி கட்டாயம். அண்மையில் வலிப்பு வந்திருந்தால், மருத்துவரிடம் கேட்டபின் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

ஆஸ்துமா: நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் பெட்டிக்குள் அன்று, கைப்பையில் இருக்கட்டும்.

இதய நோய்: பிறவி இதய நோயுள்ள குழந்தைக்கு அமைதியான நீரில் குறுகிய பயணம் பொதுவாகத் தடையன்று. ஆயினும் நீல நிறம் பாரிக்கும் குழந்தைக்கு நீரிழப்பு தீங்கானது. போதிய நீராகாரம் கொடுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மார்பெலும்பு கூடும் காலத்தில், அக்குள்களில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்று உங்களுக்குக் கூறப்பட்டிருக்கும். படகில் ஏற்ற உதவும் பணியாளருக்கு இதனை முன்கூட்டியே தெரிவியுங்கள். அவர் நல்லெண்ணத்துடன் அக்குளைப் பிடித்தே தூக்குவார்.

ஆட்டிசம்: நீரின்பால் ஈர்ப்புடைய குழந்தைகள் பலர் உள்ளனர்; ஆபத்தை உணராமல் ஓடிச் செல்லும் இயல்பும் சிலரிடம் உண்டு. காத்திருக்கும் நேரத்தைத் துறையின் விளிம்பிலிருந்து விலகிய இடத்தில் கழியுங்கள். படகின் சங்கொலி பற்றி முன்பே கூறிப் பழக்குவது உதவும்.

குழந்தை நீரில் விழுந்துவிட்டால்

உரக்கக் கூவி படகோட்டிக்குத் தெரிவியுங்கள். எஞ்சின் நிறுத்தப்பட வேண்டும். ஒருவர் விழுந்த இடத்தைக் கையால் சுட்டிக்காட்டியபடியே, கண்ணை எடுக்காமல் நிற்கட்டும். உயிர்காப்பு வளையத்தையோ மிதக்கும் எப்பொருளையோ எறியுங்கள். மீட்புப் பயிற்சி இல்லாதவர் குதிப்பது பெரும்பாலும் இன்னோர் உயிரையும் பறிக்கும். அவசர உதவிக்கு 112 அல்லது 108 எண்ணையும், கடல்சார் மீட்புக்கு இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அழையுங்கள்.

மீட்கப்பட்ட குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தூக்கிச் சுழற்றுவதும், நீரை வெளியேற்ற வயிற்றை அழுத்துவதும் நம் ஊர்களில் இன்றும் காணப்படும் பழக்கங்கள். இவற்றால் நுரையீரலிலிருந்து நீர் வெளியேறாது. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். பொன்னான நிமிடங்களும் வீணாகும்.

செய்ய வேண்டியவை இவை:

1. குழந்தையைக் கெட்டியான தளத்தில் மல்லாந்து படுக்க வையுங்கள். அசைவும் இயல்பான மூச்சும் உள்ளனவா என்று பத்து நொடிக்குள் பாருங்கள்.
2. மூச்சு இல்லையெனில், தலையைச் சற்றுப் பின்சாய்த்து முகவாயை உயர்த்தி, மார்பு எழும்புமாறு ஐந்து முறை மெதுவாக வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். குழந்தையின் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். தலையை அதிகம் சாய்க்க வேண்டா.
3. அசைவு தென்படவில்லையெனில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் நிமிடத்திற்கு 100 முதல் 120 என்னும் வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். கைக்குழந்தைக்கு இரு கட்டைவிரல்களாலும், வளர்ந்த குழந்தைக்கு ஒரு கையின் அடிப்பகுதியாலும் அழுத்துங்கள்.
4. பின்னர் இரு முறை மூச்சு ஊதுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு என்னும் வரிசையை மருத்துவ உதவி வரும் வரையிலோ குழந்தை மூச்சு விடும் வரையிலோ தொடருங்கள்.
5. மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர உடையை நீக்கி, உலர்ந்த துணியால் போர்த்துங்கள்.

நீரில் மூழ்கிய குழந்தைக்கு முதற்குறை ஆக்சிஜன் இன்மை. ஆகவேதான் மார்பை அழுத்துவதற்கு முன் மூச்சு கொடுத்தல் முதன்மை பெறுகிறது.

மீட்டபின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா?

மூச்சு கொடுக்க நேர்ந்த, நினைவிழந்த, அல்லது நீரை உள்ளிழுத்த ஒவ்வொரு குழந்தையும், தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரத்திற்குள் வெளிப்படலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. தொடர் இருமல், வேகமான மூச்சு, விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல், உதடு நீலம் பாரித்தல், வழக்கத்திற்கு மாறான உறக்கம், திரும்பத்திரும்ப வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது.

துறைமுக நீரை விழுங்கிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் தொடங்கி மருத்துவரை அணுகுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவத்தல் தோன்றினால், அழுக்கு நீரில் விழுந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டறிய அச்செய்தி உதவும். தொடக்கத்தில் கண்டறிந்தால் எளிய மருந்துகளால் குணப்படுத்தலாம்.

புறப்படுமுன் சரிபார்க்க

• படகில் கூட்டம் அளவோடு உள்ளதா? இல்லையெனில் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.
• வானிலை எச்சரிக்கை ஏதேனும் விடுக்கப்பட்டுள்ளதா?
• குழந்தையின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கி கையில் உள்ளதா?
• எந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு என்பது முடிவாகிவிட்டதா?
• வழக்கமான மருந்துகள், இன்ஹேலர், குடிநீர், மாற்றுடை, தொப்பி கைப்பையில் உள்ளனவா?
• வெளியேறும் வழியும் உயிர்காப்பு வளையம் இருக்குமிடமும் தெரியுமா?

இவ்வாறு வினாக்களுக்கும் விடை காண ஐந்து நிமிடம் போதும். அதன்பின் நீரில் எழும் ஓங்கில்களையும் கரையோரச் சீனவலைகளையும் குழந்தைக்குக் காட்டி மகிழுங்கள். உங்கள் மற்றொரு கை அதன் மணிக்கட்டைப் பற்றியிருக்கட்டும்.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. உங்கள் குழந்தையின் தனிப்பட்ட உடல்நிலை குறித்த ஐயங்களுக்கு, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தைக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவரிடமோ ஆலோசனை பெறுங்கள்.